பேஸ்மென்ட்டில் பெரிய திரை வைத்திருக்கும் அன்பர்களுக்கு



நியூ ஜெர்ஸியிலும் அதன் அண்டை மாகாணங்களிலும் வசித்துவரும் தமிழ்க் குடும்பத்தாரில், வீட்டுப் பேஸ்மென்ட்டின் ஒரு மூலையில், பழைய போர்வையால் மூடப்பட்டோ, தலைமேல் கொலுப் பெட்டிகளும் பிள்ளைகள் பள்ளியில் வாங்கிய பரிசுக் கோப்பைகளும் அடுக்கப்பட்டோ கிடக்கும் ரியர் புரொஜக்ஷன் டெலிவிஷன் ஒன்றை இன்னமும் வைத்துக்கொண்டிருப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களை உத்தேசித்தே இம்மடலை எழுதுகிறேன். பனி உருகி, வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்யும் நாட்கள் வந்தவுடனே, "இந்த யானையை எப்பொழுதுதான் வெளியேற்றப் போகிறோம்?" என்ற கேள்வி வருஷந்தோறும் உங்கள் வீட்டில் எழுகிறது என்பதை நான் அறிவேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அது எழுந்ததுண்டு. அந்தக் கேள்விக்கு நீங்கள் விடை சொல்வதற்கு முன்பாக, ஒரே ஒரு சாயங்காலத்தை அந்தப் பெட்டிக்கென்று ஒதுக்கித் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்வதுதான் என் நோக்கம்.

படம் மங்கிவிட்டது, முகங்களின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசிந்து நிற்கின்றன, எழுத்துக்கள் இரட்டையாய்த் தெரிகின்றன என்றெல்லாம் நீங்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இவையெல்லாம் மூப்பினால் வந்தவை, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று நீங்கள் தீர்மானித்துவிட்டீர்கள். ஆனால் சிநேகிதர்கள் வீட்டில் நான் திறந்து பார்த்த பெட்டிகளில் அநேகமாக எல்லாவற்றிலும், மூப்பினால் நேர்ந்த நஷ்டம் கொஞ்சமாகவும், தூசியினாலும் கவனிப்பாரற்றுக் கிடந்ததனாலும் நேர்ந்த நஷ்டம் மிகுதியாகவுமே இருக்கக் கண்டேன். பத்துப் பதினைந்து வருஷமாகத் துடைக்கப்படாத கண்ணாடி ஒன்று உள்ளே இருக்கிறது என்பதே அந்த வீட்டுக்காரர்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பெட்டி உங்கள் வீட்டுக்கு வந்த காலத்தைச் சற்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் உத்தியோகத்தை நம்பி இரண்டு சூட்கேஸ்களோடு இத்தேசத்துக்கு வந்திறங்கி, அபார்ட்மென்ட்டில் சில வருஷம் காலந்தள்ளி, பின்பு கடன் வாங்கிச் சொந்த வீட்டுக்குக் கிருகப்பிரவேசம் செய்த நம்மவர்கள், பெரிய திரை ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்ட அந்த நாட்களில், சுவரில் மாட்டக்கூடிய பிளாஸ்மா டெலிவிஷன் என்பது ராஜாக்களுக்குரிய வஸ்துவாக இருந்தது. 1997-ஆம் ஆண்டில் இந்நாட்டுக் கடைகளுக்கு வந்த 42 அங்குலப் பிளாஸ்மாவுக்கு ஏறக்குறைய 15,000 டாலர் விலை சொன்னார்கள். சாதாரணப் படக்குழாய் டெலிவிஷனுக்கோ வேறொரு தடை இருந்தது. காற்றே இல்லாத அந்தக் கண்ணாடிக் குடுவையின்மேல் வெளிக்காற்று அழுத்துகிற அழுத்தத்தைத் தாங்குவதற்காக, திரை பெரிதாகப் பெரிதாகக் கண்ணாடியும் தடிக்க வேண்டியிருந்தபடியால், 36 அங்குலத்தை எட்டுவதற்குள்ளாகவே இரண்டு பேர் தூக்க முடியாத கனத்தை அது அடைந்துவிட்டது. ஆகவே, 50, 60, 65 அங்குலம் என்று திரை வேண்டும், ஆனால் சில ஆயிரம் டாலருக்குமேல் செலவழிக்க இயலாது என்ற நிலையில் இருந்த மத்தியதரக் குடும்பத்துக்கு, சின்னப் படத்தைப் பெட்டிக்குள்ளேயே பெரிதாக்கிப் பின்புறமிருந்து திரைமேல் வீசுகின்ற இந்த யந்திரம் ஒன்றே கதியாக இருந்தது. 1998-இல் இந்நாட்டில் ஹை டெபனிஷன் ஒளிபரப்பு ஆரம்பமாகி, அவ்வருஷம் அக்டோபர் 29-ஆம் தேதி எழுபத்தேழு வயதான ஜான் க்ளென் மறுபடியும் விண்வெளிக்குப் புறப்பட்ட காட்சி அந்தப் புதிய முறையில் காட்டப்பட்டபொழுது, அதைக் காட்ட வல்ல முதல் டெலிவிஷன்களில் பலவும் இந்த ஜாதியைச் சேர்ந்தவையே.

நான் 65 அங்குலப் பெட்டி ஒன்றை 2001-இல் வாங்கினேன். ஆறு பேர் சேர்ந்து அதைப் படியிறக்கினோம். அன்று உதவி செய்ய வந்தவர்களில் இருவர் பின்னர் அதே மாதிரிப் பெட்டிகளைத் தாங்களும் வாங்கினார்கள். இந்த மடலை அவர்களும் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிட்டால், நான் கேட்கும் ஒரு சாயங்காலம் எதற்கு என்பது உங்களுக்கு விளங்கிவிடும். பெட்டியின் அடித்தளத்தில், ஒவ்வொன்றும் ஏழு அங்குல அளவுள்ள மூன்று படக்குழாய்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. ஒன்று சிவப்பில் மாத்திரமே படம் எழுதும், மற்றொன்று பச்சையில், மூன்றாவது நீலத்தில். சிறிய முகத்தில் பெருந்திரைக்கு வேண்டிய வெளிச்சம் அத்தனையையும் பிறப்பிக்க வேண்டியிருப்பதனால் அவை கடுமையாய்ச் சூடேறுகின்றன. அந்தச் சூட்டைத் தணிக்கக் குழாயின் முகத்துக்கும் அதன்மேல் பொருத்தப்பட்ட லென்ஸுக்கும் நடுவே ஒருவகைத் திரவம் நிரப்பப்பட்டிருக்கிறது. அத்திரவத்தையும் லென்ஸையும் கடந்துவந்த ஒளி, பெட்டியின் பின்பக்கத்தில் சாய்வாக நிற்கும் பெரிய கண்ணாடியில் பட்டுத் திரும்பித் திரையின் முதுகில் விழுகிறது. திரையும் ஒரே தகடு அன்று. கிராமபோன் தட்டில் உள்ளதைப்போல் வட்டவட்டமாய்ச் செதுக்கிய கோடுகளுடைய பிரெனெல் தகடு ஒன்று, விரிந்து வரும் கிரணங்களை நேராக்குகிறது; அதற்கு முன்னே, மேலிருந்து கீழாக நெருங்கிய வரிகள் ஓடும் மற்றொரு தகடு, அக்கிரணங்களை இடமும் வலமுமாகப் பரப்பி, சோபாவின் இரு கோடியில் இருப்பவர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது.

மூன்று பெண்கள் ஒரே வாசலில், ஒரே புள்ளிகளின்மேல், ஒருத்தி சிவப்பு ஒளியாலும் ஒருத்தி பச்சையாலும் ஒருத்தி நீலத்தாலும் ஒரே சமயத்தில் ஒரே கோலத்தைப் போடுகிறார்கள் என்று கற்பனை செய்து பாருங்கள். மூவருடைய இழையும் அணுவளவும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுமானால், பார்க்கிறவர் கண்ணுக்கு வெள்ளைக் கோலம் ஒன்றே தெரியும். ஒருத்தியின் கை அரை விரற்கடை நகர்ந்துவிட்டாலும் வெள்ளைக் கோலம் கலைந்து மூன்று கோலங்களாகிவிடும். மூன்று குழாய்களும் ஒரே இடத்தில் இருக்க முடியாதாகையால், ஓரக் குழாய்கள் இரண்டும் திரையைச் சாய்வாகவே பார்க்கின்றன. அந்தச் சாய்வை மின்சாரத்தினால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இந்தத் திருத்தத்துக்குத்தான் கன்வர்ஜென்ஸ் என்று பெயர். கோடை போய்க் குளிர் வந்தாலும், பெட்டியைப் பெருக்குவதற்காக ஓர் அடி தள்ளி வைத்தாலும், அது கொஞ்சம் இடம் பெயர்ந்துவிடும். அதைச் சரிபார்க்கும் வேலையைப் பெட்டி வாங்கியவரிடமே விட்டிருந்தார்கள். ஆனால் கடைக்காரர்கள் பெரும்பாலும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. இது ஒரு பெரிய குறை என்றே நினைக்கிறேன். வீணையைக் கொடுத்துவிட்டுச் சுருதி சேர்க்கக் கற்றுத்தராமல் அனுப்பிவைத்ததற்கு அது சமானம்.

திரையின் வரிகள் ஒளியை இடவலமாகப் பரப்புகின்றன என்றேன் அல்லவா? மேலும் கீழுமாக அவை அவ்வளவாய்ப் பரப்புவதில்லை. இதனால் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குப் பிரகாசமாயிருக்கும் அதே படம், எழுந்து நின்றவர் கண்ணுக்குப் பாதியாய் மங்கிவிடுகிறது. இதை இந்த யந்திரத்தின் குற்றங்களில் ஒன்றாகவே எல்லோரும் எழுதி வைத்தார்கள். நானோ வருஷங்கள் செல்லச் செல்ல இதை அதன் குணங்களில் ஒன்றாகவே மதிக்கத் தலைப்பட்டேன். வாசற்படியில் நின்றபடி அரைப் பார்வையாய்ப் பார்த்துவிட்டுப் போவதற்கு அந்தத் திரை இடங்கொடாது. பார்க்க வேண்டுமென்றால் வந்து உட்கார வேண்டும். சிறு பிள்ளைகள் கம்பளத்தில், பெரியவர்கள் சோபாவில், பிந்தி வந்தவர்கள் மேல்மாடியிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டு மேஜை நாற்காலிகளில் என்று, எல்லோரையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் அமர்த்திவைத்து, பிறகே அது தன் முழுப் பிரகாசத்தையும் காட்டியது.

2003-ஆம் வருஷம் மார்ச் 23-ஆம் தேதி உங்களில் அநேகருக்கு மறந்திராது. ஜோஹானஸ்பர்க்கில் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். நமக்கு அது அதிகாலை மூன்று மணி. எங்கள் பேஸ்மென்ட்டில் மட்டும் இருபது பேருக்குமேல் கூடியிருந்தோம். இரண்டு பெரிய பிளாஸ்க்குகளில் காப்பியும், முந்தின இரவே செய்துவைத்த புளியோதரையும் இருந்தன. ஆஸ்திரேலியா இரண்டே விக்கெட்டுகளை இழந்து 359 ஓட்டங்கள் குவித்துவிட்டபோதிலும், டெண்டுல்கர் இருக்கிறார் என்ற ஒரே நம்பிக்கையோடு விடியற்காலையில் மறுபடி திரைமுன் அமர்ந்தோம். முதல் ஓவரிலேயே மெக்ராத் வீசிய பந்தை அவர் தூக்கியடிக்க, அது மெக்ராத்தின் கைக்கே போய்ச் சேர்ந்த அந்தக் கணத்தில், கூடியிருந்த அத்தனை பேரும் ஒருசேர எழுந்து நின்றோம். எழுந்த மாத்திரத்தில் எங்கள் எல்லோருக்கும் திரை இருண்டுபோயிற்று. கம்பளத்தில் தூங்கி விழித்த என் மகள் ஒருத்திதான் அவர் தலைகுனிந்து திரும்பிச் சென்றதை முழு வெளிச்சத்தில் பார்த்தாள். அவளுக்கு அப்பொழுது ஆறு வயது. இன்றைக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அவருடைய காலுறை நிறம் வரையில் அவளால் சொல்ல முடிகிறது.

ஆட்டங்களைக் காட்டிலும் என் மனத்தில் ஆழப் பதிந்திருப்பது வேறொன்று. அதற்கு முந்தின வருஷம் என் தகப்பனார் கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு நான்கு மாதம் தங்கியிருந்தார். விழித்திரை நோயினால் அவருடைய பார்வையின் மத்திய பாகம் தேய்ந்துபோயிருந்தது. எதிரே நிற்பவரின் குரலைக் கேட்டுத்தான் ஆளை நிதானிப்பார். பத்திரிகையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, படிக்க முடியாமல் மடித்து வைத்துவிடுவார். ஊரில் அவருக்கிருந்த சிறிய டெலிவிஷனைப் பல காலமாக வானொலியைப்போல் கேட்டுக்கொண்டு மாத்திரமே இருந்தார் என்பது இங்கே வந்த பிறகே எங்களுக்குத் தெரியவந்தது. நமது மளிகைக் கடையில் வாடகைக்குக் கிடைத்த டி.வி.டி.க்களில் 'தில்லானா மோகனாம்பாள்' இருக்கக் கண்டு ஒருநாள் எடுத்துவந்து, அவருடைய நாற்காலியைத் திரைக்கு நாலடி தூரத்தில் போட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு ஓடவிட்டேன்.

1968-இல் அந்தப் படம் வெளிவந்தபொழுது ஊர்க் கொட்டகையில் தொடர்ந்து பலமுறை பார்த்தவர் அவர். கோயில் உற்சவங்களில் இரவெல்லாம் விழித்திருந்து நாகஸ்வரம் கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவராதலால், சிவாஜி கணேசன் ஏற்ற சிக்கல் சண்முகசுந்தரம் என்ற வேஷத்துக்கு உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் என்பதையும், அவர்கள் வாசிப்புக்கு ஏற்ப நடிகர் எவ்வாறு மூச்சுப் பிடித்தார் என்பதையும் மணிக்கணக்காய்ப் பேசக் கூடியவர். அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. வாத்தியம் நெருக்கக் காட்சியில் வந்தபொழுது, முகம் மட்டுமே இரண்டடி உயரத்துக்குத் திரையில் நிறைந்து நின்றது. தகப்பனார் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, பார்வையின் ஓரத்தில் மிச்சமிருந்த தெளிவு அந்த இடத்தில் விழும்படியாகத் தலையை ஒருபக்கமாய்ச் சாய்த்து, சற்று நேரம் அசையாமல் இருந்தார். பிறகு, "கழுத்து நரம்பு புடைக்கிறது தெரியுதுடா" என்றார். நானும் அப்பொழுதுதான் அந்த நரம்பைக் கவனித்தேன்.

அந்த நான்கு மாதத்தில் கடையில் இருந்த பழைய படங்களில் பெரும்பாலானவற்றை நாங்கள் பார்த்து முடித்தோம். பகல் வேளைகளில் நான் உத்தியோகத்துக்குப் போனபின், என் மனைவி டி.வி.டி. தட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். அவர் தனியே உட்கார்ந்து பார்ப்பார். மாலையில் நான் வந்தவுடனே, யார் யார் முகம் தெரிந்தது என்று வரிசையாய்ச் சொல்வார். நாகேஷின் கண், பத்மினியின் நெற்றிச் சுட்டி, ரங்காராவின் மீசை. பெரிய திரை ஆடம்பரத்துக்காக வாங்குவது என்று யாரேனும் சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாததற்கு இதுதான் காரணம்.

இனி, பெட்டிக்கு நேர்ந்த வியாதியையும் சொல்லவேண்டும். 2008-ஆம் வருஷத்துக் கோடையில் ஒருநாள், படத்திலிருந்த சிவப்பு மாத்திரம் வில்லைப்போல் வளைந்து, வெள்ளைச் சட்டை போட்டவர்கள் எல்லோரும் ரத்தக் காயம் பட்டவர்கள் போலத் தோற்றமளித்தார்கள். பழுது பார்க்கும் கடை ஒன்றிலிருந்து ஆள் வந்து, பின்பலகையைக்கூடத் திறந்து பாராமல், "இதன் காலம் முடிந்துவிட்டது, புதிதாக ஒன்று வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டு, வந்ததற்குக் கூலி வாங்கிக்கொண்டு போனார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் படித்த சிநேகிதர் ஒருவர் மறுவாரம் வந்து பார்த்து, கன்வர்ஜென்ஸைத் திருத்தும் பலகையில் உள்ள இரண்டு பெரிய ஐ.ஸி.க்கள் சூட்டினால் கெட்டுப்போவது இந்த ஜாதிப் பெட்டிகளுக்கே உரிய சாதாரண வியாதி என்று விளக்கினார். இரண்டு ஐ.ஸி.க்களையும் தபாலில் வரவழைத்து, பழையவற்றின் கால்களிலிருந்து ஈயத்தை உருக்கி எடுத்து, சூட்டை வாங்கும் உலோகத் தகட்டில் வெள்ளைப் பசையைப் புதிதாய்த் தடவிப் பொருத்தினோம். ஒரு பிற்பகல் முழுவதும் பிடித்தது. சுவிட்சைப் போட்டவுடனே சிவப்பு தன் இடத்துக்குத் திரும்பி வந்து நின்றதைக் கண்ட சந்தோஷத்தை எழுத்தில் வடிக்க எனக்குத் திறமை போதாது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வீட்டுப் பெட்டிகளையும் பார்க்கத் துணிந்தேன்.

உங்களிடம் நான் கேட்கும் சாயங்காலத்தில் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். பெட்டியை மின்சாரத்திலிருந்து பிரித்து, சில மணி நேரம் ஆறவிட்ட பின்பே எதையும் தொட வேண்டும். குழாய்களுக்குச் செல்லும் தடித்த கம்பிகளில் முப்பதினாயிரம் வோல்ட் வரையில் பாய்கிறது. அணைத்த பிறகும் அதில் மிச்சம் தங்கியிருக்கும். ஆதலால் குழாய்கள், பலகைகள் ஆகியவற்றின்மேல் கை வைக்கும் வேலையை அந்த வித்தை தெரிந்தவருக்கே விட்டுவிடுங்கள். நீங்கள் செய்யக்கூடியது கண்ணாடியும் லென்ஸும்தான். உள்ளே இருக்கும் கண்ணாடி, நாம் முகம் பார்க்கும் கண்ணாடியைப் போன்றதன்று. அதற்கு ரசம் முன்பக்கத்திலேயே பூசப்பட்டிருக்கிறது, பின்பக்கம் பூசினால் ஒவ்வொரு பிம்பத்துக்கும் நிழல்போல் இரண்டாவது பிம்பம் விழும் என்ற காரணத்தால். ஜன்னல் துடைக்கும் அம்மோனியாத் திரவத்தைத் தெளித்து அழுத்தித் தேய்த்தால் அந்தப் பூச்சு உரிந்துவிடும். முதலில் தூசியை ஊதி அகற்றி, பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால், குழந்தையின் கன்னத்தைத் துடைக்கும் பாவனையில், ஒரே திக்காகத் துடைக்க வேண்டும். லென்ஸ்களையும் அப்படியே. துணியில் படியும் கறுப்பைப் பார்த்தால், இத்தனை நாள் எதன் ஊடாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நீங்களே திகைப்பீர்கள்.

குழாய்களின் முன்னுள்ள திரவம் கலங்கியோ பாசி பிடித்தோ இருந்தால், அதை மாற்றுவது தேர்ந்தவர் வேலை. அது கசிந்து கீழே தேங்கியிருக்கக் கண்டால் குழந்தைகளையும் நாய் பூனைகளையும் உடனே அப்புறப்படுத்துங்கள். இனிப்பாயிருக்கும், ஆனால் விஷம்.

துடைத்து முடித்தபின் பெட்டியைப் போட்டு அரைமணி நேரம் ஓடவிடுங்கள். சூடேறாத குழாய்களைச் சரிசெய்வதில் பிரயோஜனமில்லை. பின்பு ரிமோட்டில் மெனுவைத் திறந்து கன்வர்ஜென்ஸ் என்ற இடத்துக்குப் போனால், திரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்கள் தோன்றும். பச்சைதான் ஆதாரம், நம் கண் கூர்மையைப் பெரும்பாலும் பச்சையிலிருந்தே பெறுகிறது. சிவப்பை அதன்மேல் கொண்டுவந்து பொருத்துங்கள், அதன்பின் நீலத்தை. சில பெட்டிகளில் நடுவில் ஒரே ஒரு சிலுவைக் குறிதான் இருக்கும். வேறு சிலவற்றில் 64 இடங்களில் தனித்தனியே சரிசெய்யலாம், அதற்குப் பொறுமை வேண்டும். நீலம் கொஞ்சம் பரவலாய்த் தெரிந்தால் கவலைப்படாதீர்கள். நீல வெளிச்சம் போதாமையை ஈடுசெய்யத் தொழிற்சாலையிலேயே அதை வேண்டுமென்று சற்றுக் கலங்கலாக வைப்பதுண்டு. சிவப்புக் கோடும் நீலக் கோடும் பச்சையின்மேல் ஏறி மூன்றும் மறைந்து ஒரே வெள்ளைக் கோடாய் நிற்கும் அந்தக் கணத்தை உங்கள் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். வெள்ளை என்பது என்ன என்று பள்ளியில் படித்ததை அவர்கள் அப்பொழுது கண்ணால் பார்ப்பார்கள்.

கான்ட்ராஸ்ட்டைப் பாதிக்குக் குறைத்துவிடுங்கள். கடையின் பிரகாசமான விளக்குகளுக்கு நடுவே பிற பெட்டிகளோடு போட்டியிட்டு வாங்குபவர் கண்ணை இழுப்பதற்காக அதை உச்சத்தில் வைத்து அனுப்பினார்கள். வீட்டில் அது குழாய்களைத் தின்றுவிடும். ஜோ கேன் தயாரித்த 'வீடியோ எசென்ஷியல்ஸ்' என்ற தட்டு என்னிடம் இருக்கிறது. கறுப்பு எவ்வளவு கறுப்பாக, வெள்ளை எவ்வளவு வெள்ளையாக இருக்கவேண்டும் என்பதை அதை வைத்து அளந்து வைத்துக்கொள்ளலாம், வேண்டுபவர்களுக்குக் கொண்டுவருகிறேன். விளக்கை அணைத்துவிட்டு இரவுக் காட்சி ஏதேனும் ஒன்றை அப்பொழுது பாருங்கள். அந்தக் கறுப்பின் ஆழத்தை, பின்னால் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும் சாதாரண எல்.ஸி.டி. திரையில் நான் இதுவரை கண்டதில்லை. கூர்மையில் புதிய திரைகளுக்கே ஜயம் என்பதை மறுக்கமாட்டேன். ஏழு அங்குலக் குழாயால் ஹை டெபனிஷனின் 1920 புள்ளிகளையும் தனித்தனியே பிரித்துக் காட்ட இயலாது. ஆனால் முகத்தின் சதை சதையாகவே தெரிவதில் எனக்கு இந்தப் பழைய திரையே திருப்தி தருகிறது.

உங்களில் சிலரிடம் இருப்பது குழாயுள்ள பெட்டி அன்று, பின்னால் வந்த டி.எல்.பி. வகை. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987-இல் கண்டுபிடித்த சில்லின்மேல், தலைமயிரைவிடப் பலமடங்கு நுண்ணிய கண்ணாடிகள் லக்ஷக்கணக்கில் நின்று, ஒவ்வொன்றும் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அசைந்து படத்தைத் திரைக்கு அனுப்பும் அதிசயம் அது. அதில் படம் மங்கினால் அநேகமாக விளக்குத்தான் காரணம். விளக்கை மாற்ற உங்களாலேயே முடியும். ஆறவிட்டு, கண்ணாடிப் பாகத்தை விரலால் தொடாமல் மாற்றினால் போதும்.

இந்த யந்திரங்களை இனி யாரும் செய்வதில்லை. 1947-ஆம் ஆண்டளவில் ஆர்.ஸி.ஏ. கம்பெனியார் ஐந்து அங்குலக் குழாயின் படத்தை வளைந்த கண்ணாடியினால் பெரிதாக்கி, வீட்டுப் பெட்டி ஒன்றின் இருபது அங்குல அகலத் திரையில் காட்டியது தொடங்கி, 1970-களில் ஹென்றி க்ளாஸ் ஏழடித் திரையை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது வழியாக, எத்தனையோ மேதைகள் அறுபத்தைந்து வருஷம் உழைத்து வளர்த்த ஒரு கலை இது. தட்டைத் திரைகளின் விலை சரிந்தவுடனே ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். 2007 டிசம்பரில் ஸோனி நிறுத்துவதாக அறிவித்தது. கடைசிவரை நின்ற மிட்சுபிஷியும் 2012 டிசம்பரில் கைவிட்டது. ஆகவே உங்கள் பேஸ்மென்ட்டில் உள்ளதை இழந்தால், அதற்கு ஈடாக இன்னொன்று கடையில் கிடைக்காது.

இவ்வளவும் செய்து பார்த்து, இது தேறாது என்றே ஏற்பட்டால், அப்பொழுது வெளியேற்றுங்கள். உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக வீதியோரத்தில் வைத்துவிடாதீர்கள். குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. நியூ ஜெர்ஸியில் 2011 ஜனவரி முதல் டெலிவிஷனைக் குப்பையோடு சேர்ப்பது சட்டவிரோதம். மின்சாதனங்களைச் சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன்பாக எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, அதுபோல ஒரு வீட்டில் மாண்ட பெட்டியின் பச்சைக் குழாய் இன்னொரு வீட்டுப் பெட்டிக்கு உயிர் கொடுக்கும். ஒன்றை மட்டும் கண்டிப்பாய்ச் சொல்கிறேன்: அந்த பிரெனெல் தகட்டைக் கழற்றி வெளியே வெயிலில் சாய்த்து வைக்காதீர்கள். அவ்வளவு பெரிய தகடு சூரிய கிரணங்களை ஒரு புள்ளியில் குவித்தால் கட்டை பற்றி எரியும், உலோகமும் உருகும். பிள்ளைகள் விளையாட்டாக அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் பெட்டி இருபது வருஷத்தைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் தைப்பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மேலே சொன்ன வேலைகளையெல்லாம் ஒரு கிரமமாகச் செய்துவிட்டு, கடைசியில் திரை முழுவதும் ஒரே வெள்ளையாக வரும் பரீக்ஷைப் படத்தைப் போட்டுப் பார்க்கிறேன். அந்த வெள்ளையின் நடுவே, மற்ற இடத்தைவிட மிக லேசாகப் பழுப்பேறிய சதுரம் ஒன்று தெரிகிறது. இருபக்கமும் ஏறக்குறைய ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளை புதிதாகவே நிற்கிறது. பழைய தமிழ்ப் படங்கள் இந்த அகலத் திரையை நிறைக்க மாட்டா. முகங்களை அகலமாய் இழுத்து நிரப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. கான்ட்ராஸ்ட்டைக் குறைக்க வேண்டும் என்பதும் அந்நாளில் எனக்குத் தெரியாது. நான்கு மாதம், தினமும் ஆறேழு மணி நேரம், என் தகப்பனார் பார்த்த படங்களின் அளவு அது. எலெக்ட்ரானிக்ஸ் படித்த அந்தச் சிநேகிதர் அதைக் கண்டு, மூன்று குழாய்களையும் மாற்றிவிட்டால் மறைந்துவிடும், தம்மிடம் நல்ல குழாய்கள் இருக்கின்றன என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இங்ஙனம்,
உங்களில் ஒருவன்
நியூ ஜெர்ஸி